தலதா மாளிகையின் சாவி

கேள்வி: மக்காவைத் துருக்கி சுல்தான் ஆண்டதுபோல, கண்டி தலதா மாளிகையையும் வேற்று மதப் பேரரசு நிர்வகித்ததுண்டா? (வாசகர், கலஹா)

பதில்: உண்டு. புத்தரின் புனித தந்தம் இருந்த பேழையின் சாவியே வெள்ளைக்காரர் கையில் இருந்தது!

ஆனால் 1517இல் மக்காவைப் பெற்ற உதுமானியத் துருக்கியர் வேற்று மதத்தவர் அல்லர், முஸ்லிம்களே; அவர்கள் உள்ளூர் ஆட்சியை மக்காவின் பரம்பரை ஆட்சியாளர்களான ஷரீபுகளிடமே விட்டு, ஆண்டுதோறும் பணமும் தானியமும் அனுப்பினார்கள். கண்டியிலோ, 1815 ஒப்பந்தத்தில் பௌத்தத்தைப் பேணுவதாகக் கையெழுத்திட்ட பிரித்தானியர், 1818 கிளர்ச்சியில் இரகசியமாகக் கொண்டுபோகப்பட்ட புனித தந்தத்தை மீட்டுத் தம் காவலில் வைத்தார்கள். காரணம், தந்தம் யாரிடமோ நாடும் அவரிடமே என்பது கண்டி மக்களின் நம்பிக்கை.

கிறிஸ்தவ அரசு பௌத்தத் தலத்தைப் பேணுவதற்கு மிஷனரிமாரின் எதிர்ப்பு வலுக்க, 1853இல் பொறுப்பு மல்வத்தை, அஸ்கிரிய பௌத்த பீடங்களின் மகாநாயக்கர்களுக்கும் மாளிகையின் துறவியல்லாத காப்பாளரான தியவடன நிலமேவுக்கும் போனது. வழிபாட்டுத் தலத்தின் சாவி வழிபடுவோரிடம் இருப்பதே நியாயம்.