சைக்கிள் எங்கே?

“சைக்கிள் எங்கடா தம்பி?”

தாத்தா கேட்ட முதல் கேள்வி அதுதான். 1978ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை. எனக்குப் பத்து வயது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் நூறு குவாட்டர்ஸில், எங்கள் வீட்டு முன்வாசலில் பழைய நாளிதழை விரித்து, ஏர்பிக்ஸ் பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த ஜப்பான் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தியிருந்தேன். ஒவ்வொருவனும் ஓர் அங்குலத்துக்கும் குறைவான உயரம். தாத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தினார். ஒருவனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாரும் நடந்தே வரானுங்களே. கிள்ளானுக்கு அவனுங்க சைக்கிள்லதான் வந்தானுங்க.”

பெட்டியில் சைக்கிள் இல்லை என்றேன். அவருக்கு அது பெரிய குறையாகப் பட்டது. ஜப்பான்காரன் மலாயாவைச் சைக்கிளில் வந்து பிடித்தான் என்பதை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கியவர்கள், 1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூரில் இருந்தார்கள். பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. மொத்தம் எழுபது நாள். டயர் வெடித்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். தார்ச் சாலையில் அந்த இரும்புச் சத்தம் இரவில் கேட்டால் டாங்கி வருவது போலிருக்கும். இதையெல்லாம் பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். தாத்தா அன்று வாயாலேயே அந்தச் சத்தத்தை எழுப்பிக் காட்டினார்.

என்னிடம் இருந்தது ஹம்ப்ரோல் வண்ணம் ஐந்தே டப்பா. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, ஒரு பச்சை, பிறகு 61. அந்த 61க்குச் சதை நிறம் என்று பெயர். பச்சையைத் தொட்டுச் சட்டைக்குப் பூசியபோது தாத்தா தலையை ஆட்டினார்.

“இந்தப் பச்சை இல்ல தம்பி. தொவச்சுத் தொவச்சு வெயில்ல காஞ்சது. காஞ்ச வெத்தல மாதிரி இருக்கும்.”

தொப்பிக்குப் பின்னால் கழுத்தை மறைக்கும் துணித் துண்டுகள், முழங்கால்வரை சுற்றிய பட்டி, எல்லாவற்றையும் சொன்னார். நான் கேட்டேன், ஆனால் காய்ந்த வெற்றிலை நிறத்துக்கு எங்கே போவது? இருந்த பச்சையைத்தான் பூசினேன். அதுவும் நிற்கவில்லை. அந்த மெத்துப் பிளாஸ்டிக்கில் வண்ணம் பிடிக்காது. துப்பாக்கியைச் சற்று வளைத்தால் பொருக்குப் பொருக்காக உதிரும்.

எதிரிப் படைக்கு இன்னொரு பெட்டி: ஆங்கிலேயரின் எட்டாம் ராணுவம். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ரோம்மலை எதிர்த்தவர்கள். அரைக்கால் சட்டை போட்டிருந்ததால் மலாயாவுக்கும் பொருந்தினார்கள். பக்கத்து வீட்டுப் பையனும் நானும் ரப்பர் வளையத்தால் அடித்து ஆடுவோம், விழுந்தவன் செத்தவன். எச்.ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதிநூலை எழுதியபோது அவரும் பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்தித்தான் ஆடினார் என்று பிறகு தெரிந்தபோது மனம் நிறைந்துவிட்டது.

இரண்டு படைக்கும் முகத்துக்கு 61தான். ஜப்பான்காரனும் ஆங்கிலேயனும் ஒரே இளஞ்சிவப்பு. தூரிகையைப் பிடித்திருந்த என் கையின் நிறத்தில் ஒரு முகமாவது அந்தப் படையில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டாம் ராணுவத்தில் நான்காவது இந்திய டிவிஷன் இருந்தது. மலாயாவில் ஜித்ராவிலிருந்து பின்வாங்கிப் பின்வாங்கிப் போரிட்டது பதினோராவது இந்திய டிவிஷன். பெட்டியின் மூடிப் படத்திலும் அவர்கள் இல்லை, உள்ளேயும் இல்லை.

சைக்கிள் பற்றித் தாத்தா இன்னொன்றும் சொன்னார். கிள்ளான் பக்க ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது காசு சேர்த்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினாராம். “கிராணி எதுர்ல வந்தா எறங்கணும். தொர வந்தா எறங்கி ஓரமா நிக்கணும். அவரு போனப்பறம்தான் ஏறணும்.” அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு அந்தச் சிப்பாயை நாளிதழில் படுக்க வைத்தார்.

அதன் பொருள் புரிய எனக்கு இருபது வருடம் பிடித்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை வழிநடத்தியவர் ஆர்.எச். நாதன். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, கொடுமை செய்யும் தண்டல்களை நீக்குதல், பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல் என்று நீண்ட கோரிக்கைப் பட்டியலில் ஒன்று: துரைமாரும் அவர்களின் எழுத்தர்களான கிராணிமாரும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை. மே மாதம் ராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அடுத்த ஏழாம் மாதம், யாருக்காகவும் இறங்காத ஒரு சைக்கிள் படை வடக்கேயிருந்து வந்தது. துரைமார்கள் சிங்கப்பூரை நோக்கி ஓடினார்கள். வந்த படை தோட்டத்து ஆண்களை அள்ளிக்கொண்டு சயாமுக்கு ரயில்பாதை போடப் போயிற்று.

தாத்தாவும் போனவர். திரும்பி வந்த கொஞ்சம் பேரில் ஒருவர். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டமும் பெயர்ப் பலகையும் உண்டு. அவர்களைவிடப் பன்மடங்கு செத்த ஆசியத் தொழிலாளர்களுக்கு, அவர்களில் பெருங்கூட்டமான மலாயாத் தமிழர்களுக்கு, ஆளுக்கொரு கல் இல்லை. அதைப் பற்றித் தாத்தா என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருப்பு. வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் சரக்கு வண்டிகளைக் கோர்க்கும் பெரிய யார்டு. இரவெல்லாம் பெட்டியோடு பெட்டி மோதும் சத்தம் கேட்கும். தாத்தா எழுந்து உட்கார்ந்துகொள்வார். வயதானவர்களுக்குத் தூக்கம் குறைவு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த யார்டு இருந்த இடத்தில் 2001 முதல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் இருக்கிறது. நூறு குவாட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். நான் இப்போது கிள்ளானில் இருக்கிறேன், ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பத்து நிமிட நடை. மாடி அறையில் ஆறுக்கு நாலடி மேசை. சுவரில் வண்ணப் புட்டிகள், ஸ்பெயினின் வயேஹோ, இன்னும் இரண்டு மூன்று நிறுவனங்கள், எண்ணினால் இருநூறுக்கு மேல். ஜப்பானியச் சீருடைக்கு மட்டும் என்னிடம் ஏழு பச்சை. ஒவ்வொன்றையும் ஒரு சிப்பாய்க்குப் பூசி மேசையில் நிறுத்திவிட்டு, இதில் எது காய்ந்த வெற்றிலை என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சொல்லத் தெரிந்தவர் 1986இல் போய்விட்டார்.

சிப்பாய்களும் மாறிவிட்டார்கள். இப்போது 28 மில்லிமீட்டர், இறுகிய பிளாஸ்டிக் அல்லது வெள்ளீயக் கலவை. இந்த வெள்ளீயத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1857இல் கிள்ளான் ஆற்றில் படகேறிப் போன 87 சுரங்கத் தொழிலாளர்கள், ஆறு கோம்பாக்கோடு சேருமிடத்தில் இறங்கி வெள்ளீயம் தேடினார்கள். ஒரு மாதத்துக்குள் பெரும்பாலோர் காய்ச்சலில் செத்தார்கள். அந்தச் சேற்றில்தான் கோலாலம்பூர் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலக வெள்ளீயத்தில் பாதிக்குமேல் மலாயாவிலிருந்து போனது. ஐரோப்பாவில் ஈயமும் வெள்ளீயமும் உருக்கிப் பொம்மைச் சிப்பாய் வார்த்த காலமும் அதுதான். எங்கள் ஊர் மண் எத்தனை பேரரசுகளுக்குப் பொம்மைப் படையாகப் போயிருக்கும்! பின்னாளில் நியூசிலாந்தின் பேட்டில்பிரண்ட் நிறுவனம் தன் ‘பிளேம்ஸ் ஆஃப் வார்’ சிப்பாய்களை மலேசியாவிலேயே வார்த்தது. வாங்கிய உறையில் நாட்டின் பெயரைப் பார்த்தபோது, தொலைந்த பிள்ளை வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது.

மாதத்தில் ஒரு ஞாயிறு நண்பர்கள் வருவார்கள். ரப்பர் வளையம் இல்லை. அளவுநாடா, தாயக்கட்டை, விதிநூல். நாங்கள் ஆடுவது 2012இல் வந்த ‘போல்ட் ஆக்‌ஷன்’. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கட்டை பைக்குள் கிடக்கும். எந்த நிறம் கைக்கு வருகிறதோ அந்தப் பக்கம் ஒரு பிரிவை நகர்த்தும். அடுத்து யார் என்று யாருக்கும் தெரியாது. போர்க்களத்துக் குழப்பத்தை இவ்வளவு எளிய வழியில் மேசைக்குக் கொண்டுவந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கள் கிள்ளானிலேயே 1867இல் ராஜா மஹ்டி கோட்டையைப் பிடித்துத் தொடங்கிய சிலாங்கூர்ப் போர் ஒன்று உண்டு; அதற்கு ஆள் திரட்டுவது பெரும்பாடு, வேறு நாட்டுப் படைகளை வெட்டி ஒட்ட வேண்டும்.

ஸ்லிம் ரிவரை நாங்கள் ஆடுவதில்லை. 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு நேரே வந்து சில மணி நேரத்தில் இரண்டு பிரிகேடுகளைச் சிதைத்துவிட்டன. பிரிட்டிஷார் தரப்பில் மலாயா முழுவதிலும் ஒரு டாங்கிகூட இல்லை. இரண்டு பக்கமும் வெல்ல வழி இருந்தால்தான் ஆட்டம். அன்று அந்தச் சாலையில் நின்ற இந்தியச் சிப்பாய்க்கு அப்படி ஒரு வழியை யாரும் வைத்திருக்கவில்லை.

நாங்கள் திரும்பத் திரும்ப ஆடுவது கம்பார். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை நான்கு நாள் ஜப்பானியர் அங்கே தடுக்கப்பட்டார்கள். கடைசி நாள், தாம்சன் மேட்டில் பறிபோன குழிகளை மீட்க 1/8 பஞ்சாப் ரெஜிமெண்டின் சீக்கியர்கள், கேப்டன் ஜான் கிரஹாம் தலைமையில் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் திரும்பவில்லை. கிரஹாமும் பிழைக்கவில்லை. மேடு மீண்டது. ஆனால் ஜப்பானியர் கடல் வழியாகப் பின்னால் இறங்கியதால் அன்றிரவே அதை விட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

அந்தச் சீக்கியர்களுக்கு வண்ணம் பூச எனக்கு ஐந்து வாரம் ஆனது. தலைப்பாகை எளிது. முகத்தில்தான் நேரம் போயிற்று. முதலில் அடர்பழுப்பு, மூக்கு நுனி, கன்ன எலும்பு, விரல் கணு ஆகிய மேடுகளில் சற்று வெளிர், பிறகு நீர்த்த செம்பழுப்பு மை இடுக்குகளில் ஓட வேண்டும். கலவை சரியா என்று பார்க்க வேறு எங்கும் போகவில்லை. புறங்கையில் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு காணாமல் போனபோது கலவை சரி.

போன மாதம் ஜப்பானியச் சைக்கிள் படை வந்து சேர்ந்தது. உலோகம், ஆறு பேர். பொட்டலத்தைப் பிரித்தவுடன் முன்வாசலும் தாத்தா எழுப்பிய அந்த இரும்புச் சத்தமும் நினைவுக்கு வந்துவிட்டன. ஐந்து பேரைச் சைக்கிளில் ஏற்றினேன். ஆறாவது சைக்கிளை எடுத்து வைத்துக்கொண்டேன். தோட்டத்துத் தொழிலாளிக்கு யாரும் அச்சு வார்ப்பதில்லை. விதிநூலிலும் அவனுக்கு மதிப்பெண் கிடையாது. பழைய சிவிலியன் பொம்மை ஒன்றின் இடுப்பை அறுத்து, எபாக்சிக் களிமண்ணால் அரைக்கால் சட்டையும் தலைத்துண்டும் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள்: “சட்ட என்ன கலர்ப்பா?”

தெரியவில்லை. அதை நான் கேட்டதே இல்லை.

“என்ன கலரா இருந்தாலும் பால் கறை இருக்கும்ல, பாட்டி சொல்வாங்களே” என்று கறுப்பில் சின்னத் தூரிகையை நனைத்துப் புள்ளி புள்ளியாக வைத்தாள்.

செம்மண் சாலை, இரண்டு பக்கமும் ரப்பர் மரம், எதிரே வெள்ளைக் கால்சட்டையில் ஒரு கிராணி. சைக்கிள் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்ற வைத்தால் நிற்கும் என்று இடுக்கியை எடுத்தேன்.

“வேணாம்ப்பா, எறங்குற மாதிரி தெரியும்.” இடுக்கியை வாங்கி வைத்துவிட்டு, இரண்டு காலும் பெடலில் இருக்க, சக்கரங்களுக்கு அடியில் பசையை வைத்து அது காயும்வரை அவள் விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.