அரசியல் படி, அரசியல் பேசாதே

பி.ஏ. அரசியல் அறிவியலில் இடம் கிடைத்துவிட்டதாமே தம்பி, வாழ்த்துகள். பி.காம். கேட்டுக் கிடைக்காமல்தான் இங்கே வந்தாய் என்பதை மறைத்துச் சிரமப்படாதே. துறைத்தலைவர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் தெரியும். “இதைப் படிச்சா எம்.எல்.ஏ. ஆகலாமா?” என்று கேட்கிற மாமாவிடம் “குரூப் ஒன் எழுதலாம் மாமா” என்று சொல்லி வை. எம்.எல்.ஏ. ஆவதற்கு நீ வேறு வீட்டில் பிறந்திருக்க வேண்டும்.

சேர்க்கையன்று ஒரு உறுதிமொழிப் படிவம் நீட்டுவார்கள். நான் சேர்ந்த கல்லூரியிலும் நீட்டினார்கள். அரசியல் நடவடிக்கை எதிலும் ஈடுபட மாட்டேன் என்று நானும் கையெழுத்திட்டேன், அப்பாவும் கையெழுத்திட்டார். கேட்டரிங் சேருகிற பையனிடம் அடுப்பைத் தொட மாட்டேன் என்று யாரும் எழுதி வாங்குவதில்லை. நமக்கு மட்டும் இந்தச் சலுகை. உள்ளே போனால் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு நடத்துவார்கள்: பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை. மனப்பாடம் செய்தால் ஐந்து மதிப்பெண். அதை நம்பி மரத்தடியில் பத்துப் பேர் கூடினால் டி.சி.

மாணவர் தேர்தல் உண்டா என்று கேட்பாய். அதற்கென்று விதிகளே உண்டு. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு வகுத்த விதிகளை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2006இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. வேட்பாளருக்கு 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். அந்த வருடம் அரியர் இருக்கக் கூடாது. குற்றப் பின்னணி கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

முதன்முறை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த விதிகளை அப்படியே கோட்டைக்குக் கொண்டுபோனால் எத்தனை நாற்காலி மிஞ்சும்? சட்டமன்றத்துக்கு 60 நாள் அனுமதியில்லாமல் வராமல் இருந்தால்தான் இடம் காலி என்று அறிவிக்கலாம், அதுவும் ‘அறிவிக்கலாம்’தான். வேட்பாளர் 40 லட்சம் வரை கணக்குக் காட்டிச் செலவழிக்கலாம். கணக்குக் காட்டாததை விடு. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலில் ஒரே ஒரு ஓட்டுக்கு 5,000 ரூபாய் என்று ஊரே பேசியது. ஒரு மாணவனின் மொத்தத் தேர்தல் செலவு!

இவ்வளவு சுத்தமாக வகுத்த தேர்தலையும் தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகள் நடத்துவதில்லை. 18 வயதில் முதலமைச்சர் யார் என்று நீ முடிவு செய்யலாம். மாணவர் பேரவைச் செயலாளர் யார் என்பதைப் பிரின்சிபால் முடிவு செய்வார்.

பாடத்திலும் இதே கதைதான். கட்சித் தாவல் தடைச் சட்டம், 1985, 52ஆவது திருத்தம்: பத்து மதிப்பெண் கேள்வி, அடிக்கடி வரும். உதாரணம் கேட்டால் வெளி மாநிலத்தைக் காட்டு. 2017இல் நம் ஊர் எம்.எல்.ஏ.க்களைக் கூவத்தூர் சொகுசு விடுதியில் பத்திரமாக வைத்திருந்தார்களே, அதை எழுதிவிடாதே.

மாணவர் அரசியலைத் தடுத்துவந்தவர்கள் யார் தெரியுமா? 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கியதால் ஆட்சிக்கு வந்த திராவிட மரபின் வாரிசுகள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் செத்தான். இரண்டே வருடத்தில் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். மாணவன் என்ன செய்வான் என்று இவர்களுக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் படிவம். செத்த மாணவனுக்கு மாலை, உயிரோடு இருப்பவனுக்கு மெமோ. வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்த மாலையையாவது நிறுத்தியிருப்பார்கள்.

உனக்குப் பாடம் எடுக்கப்போகிறவர் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு சொன்ன பிறகும், தமிழ்நாடு அரசு 25,000 ரூபாயைத் தாண்டாமலேயே வருடங்களை ஓட்டியது. எங்கள் சாருக்கு அதைவிடக் குறைவு. மே மாதம் அதுவும் கிடையாது. 39ஆம் பிரிவை, சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை, அவர்தான் நடத்தினார். போர்டில் எழுதி முடித்துவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார். “உதாரணம் வேணுமாடா?” என்றார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்த மே மாதம், பணி நிரந்தரம் கேட்டு நடந்த உண்ணாவிரதப் பந்தலில் அவரைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பதறிவிட்டார். “டேய், டி.சி. குடுத்துருவாங்கடா, எழுந்து போ!”

நான் போகவில்லை. உன்னையும் ஒரு நாள் எழுந்து போகச் சொல்வார்கள் தம்பி. போகாதே.