கடலூரில் கிடைக்கும் சின்ன சர்க்கார்

1959இல், எண்பது வயதில், ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். சர்க்கார் சின்னதாக இருக்கட்டும், வியாபாரத்தை வியாபாரி பார்த்துக்கொள்ளட்டும் என்றார். 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று காங்கிரஸை வறுத்தெடுத்தார். 1967இல் மக்களவையில் 44 இடம். அதே தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க. கூட்டணிப் பந்தியில் மார்க்சிஸ்டுகளோடு இலை போட்டு உட்கார்ந்தது. கொள்கைக்குத் தனிப் பந்தி போலும். 1974இல் சரண் சிங்கின் லோக் தளத்தில் கரைந்தது.

இன்று அப்படி ஒரு கட்சி தொடங்கிப் பாருங்கள். தேர்தல் கமிஷனில் பதிய வேண்டுமானால், சோஷலிசத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 1989 முதல் சட்டம் இது. எழுதிக் கொடுத்த மகராசன்கள் என்ன செய்கிறார்கள்? டெல்லியில் அரசு கம்பெனிப் பங்கை விற்கிறார்கள். சென்னையில் சாராயம் விற்கிறார்கள்.

சின்ன சர்க்கார் வேண்டுவோர் ஏங்க வேண்டாம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வரலாம். அங்கே சர்க்கார் கண்ணுக்கே தெரியாது. குடிகாடு, ஈச்சங்காடு ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மனு கொடுக்கிறார்கள். அங்குள்ள காற்றால் புற்றுநோய் அபாயம் 2,000 மடங்கு வரை கூடும் என்று 2008இல் நீரி ஆய்வு சொன்னது. நீரி மத்திய அரசு நிறுவனம். சொன்னதும் சர்க்கார். காதில் வாங்காததும் சர்க்கார்.

அதே மாவட்டத்து வளையமாதேவியில் கதை வேறு. அங்கே சர்க்கார் மலையளவு. 2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நெய்வேலியில் நிலக்கரி தோண்டும் அரசு நிறுவனமான என்.எல்.சி.யின் பொக்லைன்கள் பச்சை நெல்லுக்குள் இறங்கின. சுற்றிலும் போலீஸ். நிலம் எப்போதோ எடுத்தாயிற்றாம். அறுவடை வரை பொறுக்க முடியவில்லையாம். பார்த்து அழுகை வந்தது என்றார் உயர் நீதிமன்ற நீதிபதி. பிறகு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று அழிந்த பயிருக்கு விலை வந்தது. விற்கிறவனைக் கேட்காமலே முடிந்த வியாபாரம்! தடையில்லாச் சந்தைக்காரர்கள் யாராவது வந்து வயலில் நின்றார்களா?

சிதம்பரம் வேறு ரகம். 1929இல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவனர் குடும்பம் நடத்தியது. சர்க்கார் மானியம் கொடுத்தது. கணக்கு வழக்கில்லாமல் ஆள் சேர்த்தார்கள். கடைசியில் சம்பளம் போடப் பணமில்லை. 2013இல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. பில் நமக்கு வந்தது. உபரி ஊழியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு துறைகளுக்கும் வெளியூர்க் கல்லூரிகளுக்கும் போனார்கள். சேர்த்தவர்களை மட்டும் எந்த ஊருக்கும் மாற்றவில்லை.