ஞாயிற்றுக்கிழமை மதுக்கூடம்: பெரியப்பா அவர்களின் பார்வைக்கு

சிகாகோ,
அக்டோபர் 2018.

பெருமதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிகாகோ நகரத்து மதுக்கூடம் ஒன்றில் நம் குடும்பத்துப் பிள்ளையாகிய இந்தத் தம்பி மகன் தவறாமல் காணப்படுகிறான் என்ற செய்தி, கடல் கடந்து ஊருக்கு வந்து, சித்தி வீட்டில் தொடங்கி அத்தை வீடு வரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறுதியில், ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் ஊர்த் தமிழ்ச் சங்கக் கவியரங்கத்தின் நிரந்தரத் தலைவருமான பெரியப்பா அவர்களின் செவியை எட்டியிருப்பதாகத் தெரிகிறது. செய்தி உண்மையே. ஆயினும், அங்கே நடப்பது இன்னதென்று விளக்கப்படாதவரை உண்மையும் அவதூறாகவே ஊருக்குள் உலவும் என்பதால், இடம், வரலாறு, விதிமுறை, பார்வையாளர், பயன் என்னும் வரிசையில் இவ்விளக்கம் எழுதப்படுகிறது.

முதலாவது, இடம். சிகாகோவின் வடபகுதியிலுள்ள அப்டவுன் வட்டாரத்தில், பிராட்வே சாலையும் லாரன்ஸ் அவென்யூவும் கூடும் முனையருகே கிரீன் மில் என்னும் மதுக்கூடம் அமைந்துள்ளது. 1907-இல் சாலையோர விடுதியாகத் தொடங்கிய இது, 1910-இல் கைமாறியபோது, பாரிஸ் நகரத்தில் செந்நிறக் காற்றாலையைப் பெயராகக் கொண்ட மூலான் ரூழ் அரங்கை மனத்திற்கொண்டு, பச்சைக் காற்றாலை எனப் பொருள்படும் இப்பெயரைச் சூட்டிக்கொண்டது. அமெரிக்கா முழுவதும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையிலிருந்த காலத்தில், சட்டத்துக்குப் புறம்பாக மது விற்ற கும்பல்களின் தலைவனான அல் கபோன் இங்கு வந்துபோனான் என்பதும், இரு வாசல்களையும் ஒருசேரக் கண்காணிக்க வசதியான ஓர் இருக்கையையே அவன் விரும்பினான் என்பதும் இவ்விடத்தின் பெருமைகளாக இன்றும் கூறப்படுகின்றன. அவனுடைய கூட்டாளியான ஜாக் மெக்கர்ன் இதன் பங்குதாரராக இருந்த நாளில், இங்கு மேடையேறி வந்த ஜோ இ. லூயிஸ் என்னும் கலைஞர், கூடுதல் சம்பளத்துக்கு வேறோர் அரங்குக்கு மாறியதால் 1927-இல் கழுத்து அறுபட்டு, அதிசயமாகப் பிழைத்து, மீண்டும் மேடையேறினார். அவரது கதை 1957-இல் ஃபிராங்க் சினாட்ரா நடித்த திரைப்படமாகவும் வந்தது. இப்பகுதியைப் பெரியம்மா அவர்களுக்கு வாசித்துக் காட்ட நேர்ந்தால், அல் கபோன் 1947-லேயே காலமாகிவிட்டான் என்பதையும், அந்த இருக்கையை இப்போது சுற்றுலாப் பயணிகளே படம் எடுத்துக்கொள்கின்றனர் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இரண்டாவது, வரலாறு. இத்தகைய இடத்துக்குக் கவிதை வந்து சேர்ந்ததற்குக் காரணமானவர் மார்க் ஸ்மித் என்னும் கட்டுமானத் தொழிலாளி. 1980-களில் அமெரிக்கக் கவிதை வாசிப்பு என்பது, பல்கலைக்கழகத்திலோ புத்தகக் கடையிலோ கவிஞர் ஒருவர் தலைகுனிந்து, தாளைப் பார்த்து, தமக்குத்தாமே வாசித்துக்கொள்வதாகவும், தம் முறை எப்போது வரும் என்று காத்திருக்கும் பிற கவிஞர்களே அவையாக அமர்வதாகவும் இருந்தது. ஒருவர் வாசிப்பதைக் கேட்க ஒருவரும் வராத கலையில் ஏதோ கோளாறு உள்ளது என்று கருதிய ஸ்மித், 1984-இல் கெட் மீ ஹை லவுஞ்ச் என்னும் சிறிய ஜாஸ் மதுக்கூடத்தில் திங்கட்கிழமை இரவுகளில் கவிதையை நிகழ்த்திக் காட்டத் தொடங்கினார். 1986-இல் டேவ் ஜெமிலோ என்பவர் கிரீன் மில்லை வாங்கி, அதன் பழைய பொலிவை மீட்டெடுத்தபோது, ஞாயிறு இரவுகள் ஆளின்றிக் கிடந்தன. அவ்விரவுகளை ஸ்மித்திடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு ஜூலையில் அப்டவுன் பொயட்ரி ஸ்லாம் பிறந்தது. ஸ்லாம் என்பது, கவிஞர்கள் மேடையில் தம் கவிதையை நிகழ்த்த, பார்வையாளர் மதிப்பெண் இட்டு வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியாகும்.

மாலையின் ஒழுங்கு மூன்று பகுதிகளாக அமைகிறது. முதற்பகுதி ஓப்பன் மைக், அதாவது, வாசலில் பெயர் கொடுத்த எவரும் மேடையேறலாம் என்னும் திறந்த மேடை. அஞ்சல் ஊழியரும் செவிலியரும் சட்ட மாணவரும், காதல் முறிந்த அன்றே எழுதி மை காயாமல் கொண்டுவருவோரும் இதில் வரிசையாக ஏறி இறங்குவர். இரண்டாம் பகுதி சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்ட கவிஞருக்கு உரியது. மூன்றாவதே போட்டி. தொடக்கத்தில் மார்க் ஸ்மித் மேடையேறித் தம் பெயரைச் சொல்வார்; சொன்ன மாத்திரத்தில் அரங்கம் முழுவதும் ஒரே குரலில், "இருந்தால் என்ன!" என்று கத்தும். முன்னிலை வகிப்போர், வரவேற்புரை, அடைமொழிகள், பொன்னாடை ஆகிய அனைத்தும் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் நிறைவேற்றும் காரியத்தை இந்த அவை இரண்டு சொற்களில் முடித்துக்கொள்கிறது என்பது பெரியப்பா அவர்களின் கவனத்துக்குரியது.

மூன்றாவது, விதிமுறை. காலப்போக்கில் பிற நகரங்களுக்கும் பரவி நிலைபெற்ற விதிகளின்படி, கவிதை கவிஞரின் சொந்தப் படைப்பாக இருத்தல் வேண்டும். வேடம், கைப்பொருள், பக்கவாத்தியம் ஆகியவை கூடா. நேரம் மூன்று நிமிடம். அதற்கு மேல் பத்து விநாடி கருணைக் காலமாக விடப்படும். அதையும் கடந்தால், கடந்த ஒவ்வொரு பத்து விநாடிக்கும் அரை மதிப்பெண் கழிக்கப்படும். நடுவர் ஐவர். இவர்கள் புலமை பற்றியோ பட்டம் பற்றியோ தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. கூட்டத்தில் அகப்பட்டவர்களைப் பிடித்து, போட்டியாளர் எவருடனும் உறவோ நட்போ இல்லை என்று கேட்டறிந்து, கையில் அட்டையைக் கொடுத்துவிடுவர். ஒவ்வொருவரும் சுழியம் முதல் பத்து வரை, ஒரு தசம இடத்துடன் மதிப்பெண் இடுவர். ஐந்தில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கி, எஞ்சிய மூன்றைக் கூட்டினால் கிடைப்பதே கவிஞரின் பேறு. முழு மதிப்பெண் முப்பது.

நடுவர்களின் கை பழக வேண்டும் என்பதற்காகப் போட்டியில் சேராத ஒருவரை முதலில் ஏற்றி மதிப்பெண் இடுவிக்கும் வழக்கமும் உண்டு. அவருக்குப் பலிக் கவிஞர் என்றே பெயர். நேரம் செல்லச்செல்ல, மேடையின் சூட்டாலோ கோப்பையின் சூட்டாலோ மதிப்பெண் தானாக ஏறிக்கொண்டே போகும் என்பது அனுபவத்தில் கண்ட உண்மையாதலால், மேடையேறும் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பர். முதற்சீட்டு எடுத்தவரின் முகத்தில் தோன்றும் மெய்ப்பாடு தொல்காப்பியர் வகுத்த எட்டில் எதனுள் அடங்கும் என்பது ஆய்வுக்குரியது.

இந்த நடுவர் ஐவருள் ஒருவனாகத் தம்பி மகனும் ஓர் இரவு அமர்த்தப்பட்டான். கவிதை எழுதும் பழக்கம் உண்டா என்று கேட்கப்பட்டபோது அவன் இல்லையென்று சொன்னதே முழுத் தகுதியாகக் கொள்ளப்பட்டது. பேருந்து ஓட்டுநர் ஒருவர், தம் தந்தையின் பழைய மதிய உணவுப் பெட்டியைப் பற்றி, கைகள் இரண்டையும் காற்றில் வீசி, கடைசி அடிகளில் குரல் உடைய, ஒரு கவிதை நிகழ்த்தினார். தமிழாசிரியர் வீட்டில் யாப்பும் கண்டிப்பும் கேட்டு வளர்ந்த காரணத்தால், நடுப்பகுதி தளர்ந்திருந்ததைத் தம்பி மகன் கணக்கில் எடுத்து, 6.2 என்று எழுதி உயர்த்தினான். மற்ற நால்வரின் அட்டைகளில் 8.4, 8.9, 9.1, 8.0 என்றிருந்தன. அரங்கம் எழுப்பிய கூச்சலில் மேசைக் கோப்பைகள் அதிர்ந்தன. பக்கத்து மேசையிலிருந்த மூதாட்டி ஒருவர் திரும்பி, "தம்பி, நீ வாழ்நாளில் எப்போதாவது அழுதிருக்கிறாயா?" என்று மிகுந்த அக்கறையுடன் விசாரித்தார். மிகக் கூடிய 9.1-உம் மிகக் குறைந்த 6.2-உம் விதிப்படி நீக்கப்பட, ஓட்டுநருக்கு 25.3 கிடைத்தது. அதாவது, தம்பி மகன் இட்ட எண் கூட்டலில் சேரவே இல்லை. அதற்குரிய வசவு மட்டும் முழுமையாக அவன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

நான்காவது, பார்வையாளர். இங்கே அவையடக்கம் என்பது கவிஞருக்கே உரியது, அவைக்கு இல்லை. கவிதை சலிப்பூட்டினால் விரல்களைச் சொடுக்குவர். மேலும் சலித்தால் தரையைக் காலால் உதைப்பர். அதற்கும் மேல் முனகுவர். பெண்களைத் தாழ்த்தும் வரி எதுவும் வந்தால் பெண்கள் பக்கத்திலிருந்து சீறல் கிளம்பும். பிற ஊர்களில் விரல் சொடுக்குதல் பாராட்டின் அடையாளமாக வழங்குவதால், வெளியூரிலிருந்து வந்த கவிஞர் சொடுக்கொலி கேட்டு மகிழ்ந்து, இன்னும் நிதானமாக வாசித்து, மேலும் சொடுக்கப்படும் காட்சியையும் இங்கு காண முடியும்.

இம்முறைக்குக் கண்டனமும் இல்லாமல் இல்லை. ஹரால்ட் ப்ளூம் என்னும் புகழ்பெற்ற திறனாய்வாளர் 2000-இல் இதைக் கலையின் மரணம் என்றே சாடினார். மூன்று நிமிடத்தில் கூட்டத்தை வெல்ல வேண்டியிருப்பதால், சொந்தத் துயரத்தை உரத்துச் சொல்லும் கவிதைகள் பெருகி, ஏற்ற இறக்கமும் மூச்சு விடும் இடமும்கூட ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன என்னும் குறையில் நியாயம் உண்டு. தாளில் வைத்து இரண்டாம் முறை படித்தால் தாங்காத கவிதைகள் இங்கு வெல்வதும் உண்மையே. ஆயினும் முறை பரவுவது நிற்கவில்லை. 1990-இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி நடந்தது; நியூயார்க்கில் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்த கவிஞர்கள் நிறுவிய நுயோரிக்கன் கவிஞர் கஃபே இதன் மற்றொரு பெருங்கூடமாயிற்று; ஜெர்மனி இன்னும் ஒருபடி மேலே சென்று, ஜெர்மன் மொழி ஸ்லாமை 2016-இல் தன் நாட்டு அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலிலேயே சேர்த்துக்கொண்டது. கட்டுமானத் தொழிலாளி ஒருவர் மதுக்கூடத்தில் தொடங்கிய காரியம் முப்பதே ஆண்டுகளில் பிறநாட்டு மரபாகப் பதிவுபெறுவது அரிய நிகழ்ச்சியாகும்.

ஐந்தாவது, பயன். பிழைபடப் பாடும் புலவரின் தலையில் குட்டப் பிள்ளைப்பாண்டியனும், காதை அறுக்க வில்லிபுத்தூராரும், தலையையே வெட்ட ஒட்டக்கூத்தரும் இருந்தனர் என்று வழங்கும் கதையைப் பெரியப்பா அவர்கள் வகுப்பில் சொல்லும்போதெல்லாம், கடைசி வரிசை மாணவர்கள் தம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது நினைவிருக்கலாம். அம்மரபில் அஞ்ச வேண்டியவர் புலவர். கிரீன் மில்லில் காதுக்கு ஆபத்து நடுவருக்கே. இந்தத் தலைகீழ் ஏற்பாட்டில்தான் ஸ்லாமின் சூட்சுமம் உள்ளது. மதிப்பெண் தரத்தை அளக்கிறது என்று அங்கு எவரும் நம்புவதில்லை. மதிப்பெண் முக்கியமன்று, கவிதையே முக்கியம் என்பது ஸ்லாம்காரர்களிடையே பழமொழியாகவே வழங்குகிறது. தவறான எண் ஒன்று உயர்த்தப்பட்டவுடன், அதுவரை கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தவரும் கவிஞரின் பக்கம் சேர்ந்து வழக்காட எழுகிறார். வழக்காட வேண்டுமானால் கவிதையைக் கேட்டிருக்க வேண்டும். மேற்சொன்ன மூதாட்டி, 6.2 எத்துணை அநீதி என்பதை நிலைநாட்டும் பொருட்டு, உணவுப் பெட்டிக் கவிதையின் இடைப்பகுதியை ஏறத்தாழ வரி பிசகாமல் திருப்பிச் சொன்னார். தளர்ந்ததாகத் தோன்றிய பகுதியும் அதுவே. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் அவையைப் பெறுவதற்கு மோசமான நடுவர் ஒருவர் விலையென்றால், அந்த விலை மலிவு என்றே கொள்ள வேண்டும்.

குடும்பத்தாரின் மற்றோர் ஐயத்துக்கும் விடை அளித்தாக வேண்டும். மதுக்கூடத்தில் அமர்வோர் மது அருந்தியே தீர வேண்டும் என்னும் சட்டம் இல்லினாய் மாநிலத்தில் இல்லை. தம்பி மகன் முன்னால் இருப்பது ஜிஞ்சர் ஏல் எனப்படும் இஞ்சிச் சுவையுடைய சோடாவே. பெயரின் பிற்பகுதி ஒருவகை பீரைக் குறிப்பதாயினும், உள்ளே அவ்வகைப் பொருள் எதுவும் கலந்திருப்பதில்லை. இதை அம்மா நம்பிவிட்டார்கள். அத்தை நம்பவில்லை என்று தெரிகிறது.

இறுதியாக, வரும் தைப்பொங்கல் கவியரங்கத்துக்கு அவையோர் குறைந்துவருவது பற்றிப் பெரியப்பா அவர்கள் கடிதத்தில் வருந்தியிருந்தமையால், இரண்டு பரிந்துரைகள் பணிவுடன் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, கவிதையே எழுதாத ஐவரைக் கூட்டத்திலிருந்து பிடித்து நடுவராக்கலாம். அவர்களுள் ஒருவராக அத்தையை அமர்த்தினால் குறைந்த மதிப்பெண் பற்றிய கவலை இராது. மற்றொன்று, மூன்று நிமிடத்தில் மணி அடிக்கலாம். சென்ற பொங்கலில் ஒரு மணி பத்து நிமிடம் நீடித்த தலைமையுரைக்கும் இவ்விதி பொருந்துமா என்னும் கேள்வி எழக்கூடும். பொருந்துமாயின், கருணைக் காலம் போகக் கழிக்க வேண்டியது இருநூற்றரை மதிப்பெண். முழு மதிப்பெண்ணோ முப்பதுதான். முடிவைத் தலைவர் அவர்களே எடுக்க வேண்டும்.

பெரியம்மா அவர்களுக்கு வணக்கம்.

இங்ஙனம்,
தங்கள் அன்புத் தம்பி மகன்.