கேசரிப் பவுடர் ஓவியக்கூடம்

அந்தமானின் டெலானிபூரில் குழாயில் தண்ணீர் வராத நாள் எது என்று தெரிய காலண்டர் வேண்டாம். கீழ்வீட்டு அம்மா பெயிண்டிங் என்று பிள்ளைகளை முற்றத்தில் உட்கார வைத்துவிட்டால், அதுதான் அந்த நாள். கோடையில் தனிக்காரி அணை இறங்கிவிட்டால் எங்களுக்கெல்லாம் பக்கெட் கணக்குதான். தமிழ்க் காதுக்கு அந்த அணை தண்ணிக்காரி. பெயரைக் கேட்டே தாகம் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தெருவுக்கு ஒருவராவது இந்த ரகம் உண்டு. குழந்தை கையை அழுக்காக்கினால்தான் மூளை வளரும் என்பது கட்சி. கேட்டால் சரித்திரமும் சொல்வார்: ரோமில் பள்ளி நடத்திய ரூத் ஃபெய்சன் ஷா என்ற அமெரிக்க டீச்சர், ஒரு பிள்ளை குளியலறைச் சுவரில் அயோடினைப் பூசி விளையாடியதைப் பார்த்துத்தான் விரல்வண்ணத்தைக் கண்டுபிடித்தாராம். அந்தச் சுவரை யார் கழுவினார்கள் என்பது மட்டும் கதையில் வராது.

மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் இட்லித் தட்டில் குழிக்கு ஒரு கலர். மஞ்சளுக்கு மஞ்சள்தூள், சிவப்புக்குக் கேசரிப் பவுடர், நீலத்துக்குச் சொட்டுநீலம். முத்திரை குத்த, மெயின்லாண்டிலிருந்து மூன்று நாள் கப்பலில் வந்த உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி நட்சத்திரம் குடைவார். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நிற்பார், வாய் திறக்கமாட்டார். ராத்திரி குழம்பில் அவருக்கு நட்சத்திரத்தின் மிச்சம்.

"பயப்படாம பூசு கண்ணா!"

கண்ணன் கையை நீட்டுவான்.

"சட்டையில படாம! செவுத்தத் தொடாத! ஐயோ, மூக்கச் சொறியாத!"

மூன்றாவது நிமிஷம் பத்திரப் பதிவில் கைநாட்டு வாங்குவதுபோல் பையனின் விரலைப் பிடித்து அவரே ஒற்றிக்கொண்டிருப்பார். முடிவில் பிள்ளை பளிச்சென்று இருக்கும், அம்மா முழங்கைவரை கேசரி. பக்கத்து வீட்டுப் பொடியன் மட்டும் "ஹோலி ஹை!" என்று கத்திக்கொண்டு இட்லித் தட்டோடு ஓடுவான். என்னைக் கேட்டால், அங்கே ஒரே ஓவியன் அவன்தான்.

அப்புறம் மாடிப்படியில் குரல். "அண்ணே, ஒரே ஒரு பக்கெட் தண்ணி..."

மழை பிடித்ததும் எட்டிப் பார்த்தேன். கூடத்துச் சுவரில் ஒட்டிய தாளில் நீலக் கடல். ஈரத்துக்கு மைதா பூஞ்சை பூத்து, கடல் நடுவே பச்சைப் பச்சையாகத் தீவுகள். அந்தமான் நிக்கோபாரில் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836 என்பார்கள். தாளில் 17 முளைத்திருந்தது.

"தீவெல்லாம் யாரும்மா வரைஞ்சது?"

"என் பையன்தாண்ணே. நான் கையே வைக்கல."