ஐந்திணை டயர்: ஜார்ஜ்டவுன் நிலவியலை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

எந்தத் தரையிலும் ஓடும் என்று சொல்லி விற்கப்படும் ஆல்-டெர்ரைன் டயர், அதாவது கடைக்காரர் வாயில் ஏ.டி. டயர், பினாங்குத் தீவில் எந்த நிலத்துக்கு உரியது? நிலத்தையும் பொழுதையும் இத்தனை நுட்பமாகப் பிரித்த தமிழ் மரபு இதற்கு ஒரு நூற்பாகூட வைக்கவில்லை. 1976-இல் பி.எஃப்.குட்ரிச் நிறுவனம் இந்த இனத்தின் மூத்த ரேடியல் டயரைச் சந்தைக்கு விட்டது. அரை நூற்றாண்டு போன பின்னும் உரை காண ஆளில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்வந்து, மாலையில் பிள்ளையை டியூஷனில் இறக்கிவிடுவதற்கு ஹைலக்ஸோ டிரைட்டனோ வைத்திருப்பவர், பாறை ஏறும் டயருக்கு வெள்ளியை எண்ணிக் கொடுக்கிறார். ஏன்? டயரை வாங்குபவர் தரையில் படும் பட்டன்களைத் தடவிப் பார்த்து வாங்குகிறார். பார்க்க வேண்டியதோ பக்கச்சுவரை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் நிலங்களை எடுத்துக்கொள்வோம். குறிஞ்சி என்றால் கொடிமலை. தாவரவியல் பூங்காவருகே தொடங்கி மேலே போகும் ஜீப் பாதை செங்குத்தானதுதான். ஆனால் தார் போட்டது, அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமே உரியது. ஏனையோரை 1923 முதல் மலை ரயில் ஏற்றிச் செல்கிறது. முல்லைக்குத் தெலுக் பஹாங் தேசியப் பூங்கா இருக்கிறது; 2003-இல் அறிவிக்கப்பட்ட அந்தக் காட்டுக்குள் காலால் போகலாம், படகில் போகலாம், டயரால் போக வழியில்லை. மருதம் பாலிக் பூலாவ் வயல்கள். அங்கே சேற்றில் இறங்குவது டிராக்டர். நெய்தலான பத்து ஃபெரிங்கியில் மணலை மிதிப்பவர் வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டே மிதிக்கிறார். பாலைக்குத் தொல்காப்பியம் தனி நிலம் சொல்லவில்லை. தீவில் அதற்கு இடம் தேடினால் பேரங்காடியின் நான்காம் மாடிக் கார் நிறுத்துமிடம் பொருந்தும். ஆண்டில் ஒருமுறை ஊருக்கு நடுவிலேயே கரடுமுரடான நிலம் ஒன்று உண்டாவதும் உண்மை. தைப்பூசத்துக்கு முந்தின நாள் லெபோ பினாங்கிலிருந்து வெள்ளித் தேர் புறப்பட்டால், தண்ணீர்மலை போகும் வழியெங்கும் சிதறு தேங்காய் ஓடு குவிகிறது. ஏ.டி. டயருக்கென்றே அமைந்தது போன்ற தளம்! தேர் போகும் நேரத்தில் அந்த ரோட்டில் வாகனத்துக்கு இடமில்லை.

இனி மறுப்புகள். பாலிக் பூலாவ் டுரியான் தோட்டத்துச் சரிவுகளை மறந்தாயோ என்பார் ஒரு சாரார். மறக்கவில்லை, அந்தச் சரிவில் கூடை கட்டி ஏறி இறங்கும் கப்சாய் மோட்டார் சைக்கிள்தான் நம் தரப்பின் முதல் சாட்சி. அதன் டயர் மூன்று நான்கு விரல் அகலமே. விடுமுறைக்கு நிலப்பகுதிக்குப் போய்க் காட்டுக்குள் நுழைவோம் என்பார் வேறு சிலர். காடு வருவதற்கு முன் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலமும் அதன்பின் நெடுஞ்சாலையும் வருகின்றன. அவ்வளவு தூரமும் பெரிய பட்டன்கள் வண்டு போல முரலும். அப்படியும் போய்ச் சேர்ந்தால், 1997 முதல் மலேசியக் காடுகளில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் பந்தயக்காரர்கள் அங்கே பூட்டுவது ஏ.டி. அல்ல, சேற்று டயர். செம்மண் சேறு ஏ.டி.யின் இடுக்கில் அப்பிக்கொண்டால் அதுவும் வழுவழுப்பான டயராகிவிடும்.

வெள்ள வாதம் சற்றே வலியது. 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் உயரமான வண்டியை எள்ளமாட்டார்கள். ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 265/65 ஆர் 17 என்ற டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மி.மீ.; ஆசைப்பட்டு மாற்றும் 285/70 ஆர் 17-க்கு 831. வித்தியாசத்தில் பாதிதான் வண்டியைத் தூக்கும்: 27 மி.மீ., அதாவது இரண்டு விரற்கடைகூட முழுதாக இல்லை. அதற்குக் கைம்மாறாக மீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீரில் எஞ்சினைக் காப்பது அது மூச்சிழுக்கும் குழாய் இருக்கும் உயரம்; டயர் அல்ல. இந்தத் தீவின் அன்றாட அபாயம் வெள்ளத்தைவிடச் சிறியது: மாலை மழையில் நனைந்த தாரும், முன்னால் திடீரென நிற்கும் மைவி காரும். அங்கே உதவுவது பட்டன்களின் பருமன் அல்ல, அவற்றின் மேல் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள். அவை நெருக்கமாக இருக்கும் சாதுவான ஏ.டி.யே நம் ஊருக்கு உகந்தது. அதைப் பூட்டிய வண்டி கொஞ்சம் அசடாகத் தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்வோம்.

அப்படியானால் ஏ.டி.யே வேண்டாமா? வேண்டும், வேறொரு காரணத்துக்காக. லைட், பீச், சூலியா, பிட் தெருக்களுக்கு நடுவே பிரான்சிஸ் லைட் காலத்தில் வகுத்த பழைய நகரம் மாட்டுவண்டி அளவில் அமைந்தது. ஒரு பக்கம் ரோட்டோரக் கல், அதையடுத்து வாய் பிளந்த லோங்காங் வடிகால், அப்பால் அஞ்சடி நடைவழி. நாசி கண்டார் வரிசை நீள்வதைக் கண்ட அவசரத்தில் இரண்டு டன் வண்டியைக் கல்லோடு உரசி நிறுத்தும்போது அடி வாங்குவது பட்டன் அல்ல, பக்கச்சுவர். சாதாரணக் கார் டயர் அந்த இடத்தில் புடைத்துக்கொள்ளும். புடைத்த டயரை ஒட்டுப்போட முடியாது, தூக்கி எறிய வேண்டியதுதான். ஏ.டி.யில், குறிப்பாக எல்.டி. குறியிட்ட வகையில், அந்தச் சுவர் தடித்தது. அதற்கு விலையாக வேகத்தடைகளில் இடுப்பு வலிக்கும். ஐந்திணையில் அடங்காத ஆறாவது நிலமான ரோட்டோரக் கல்லுக்கே இந்த டயர் ஏற்பட்டது.

பக்கச்சுவரில் படிக்கவும் நிறைய இருக்கிறது. மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த முத்திரை, பனித்தரையில் பிடிப்பைச் சோதித்ததற்கு அடையாளம். பினாங்கில் துருவிய பனிக்கட்டி கிடைக்கும் ஒரே இடம் லெபோ கெங் குவீ போன்ற தெருக்களின் செண்டோல் கிண்ணம் என்பதால் இதை மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை. தேட வேண்டியது சிறிய நீள்வட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. தள்ளுபடி விலை என்று கேட்டவுடன் முதலில் அதைப் பார்க்க வேண்டும். அலமாரியில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். கடைக்காரரோ இதைப் பற்றி வாய் திறக்காமல், வெள்ளை எழுத்து வெளியேவா உள்ளேயா என்று மட்டும் கேட்பார். வெளியே என்பது பெரும்பான்மையோர் கொள்கை. ரோட்டோரக் கல் அந்த எழுத்தைச் சுரண்டிவிடும் என்பதால் உள்ளே என்பது நம் கொள்கை. எந்தக் கொள்கையாயினும், தேதி ஒரு பக்கத்தில் மட்டுமே பொறித்திருக்கக்கூடும் என்பதால், டயர் ரிம்மில் ஏறுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.