எவன் துரத்தினான் என்று கேட்காதே

கிளாஸ்கோ,
ஜூன் கடைசி.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் அவ்வளவு நலமில்லை. சனிக்கிழமை போனை எடுக்கவில்லை என்று அத்தானிடம் புலம்பினாயாம். சிக்னல் எட்டாத வெட்டவெளியில் தனியாக ஓடிக்கொண்டிருந்தேன். எவன் துரத்தினான் என்று கேட்காதே. ஒருவரும் துரத்தாமலே, லீவு போட்டுக் கைக்காசைச் செலவழித்து ஓடுவதுதான் இங்கே கௌரவம்.

வெஸ்ட் ஹைலண்ட் வே என்று 154 கிலோமீட்டருக்கு ஒரு பாதை இருக்கிறது. நடக்கிறவர்கள் ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள். அதையே 35 மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கச் சொல்லி வருஷா வருஷம் பந்தயமும் நடத்துகிறார்கள். நான் அந்த ரகமில்லை. கிரியன்லாரிக்கில் ரயிலை விட்டு இறங்கி, முதுகில் கூடாரத்தோடு கிங்ஸ்ஹவுஸ் வரை சுமார் 40 கிலோமீட்டர்தான்.

வழியில் ரானக் மூர். கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பும் குட்டையும் பாறையும்தான். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இதன் குறுக்கே ரயில் பாதை போட வந்தவர்கள், கொட்டியதையெல்லாம் சேறு விழுங்கியதால், மரவேர், சுள்ளி, மண், சாம்பல் என்று பரப்பி, தண்டவாளத்தை அதன்மேல் மிதக்கவிட்டிருக்கிறார்கள். 1894 முதல் ரயில் அப்படித்தான் ஓடுகிறது. பாதையைவிட்டு இரண்டடி விலகிய என் காலுக்குச் சுள்ளி பரப்ப யாருமில்லை. முழங்கால்வரை உள்ளே போயிற்று. காலை உருவிவிட்டேன், ஷூவை மீட்கத்தான் குப்புறப் படுக்க வேண்டியிருந்தது.

சட்டத்தைச் சொன்னால் அத்தான் நம்பமாட்டார். 2003-இல் ஸ்காட்லாந்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் போட்டார்கள். அடுத்தவன் நிலத்தில் நடக்கலாம், ஓடலாம், கூடாரம் அடித்துத் தூங்கலாம். பயிரை மிதிக்கக் கூடாது, வீட்டுப்பக்கம் ஒட்டக் கூடாது, குப்பை போடக் கூடாது, அவ்வளவுதான். வரப்பு ஒரு முழம் நகர்ந்ததற்காக நம் பெரியப்பா எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தார்! அவரை இங்கே கூட்டிவந்தால் மயக்கம் போட்டு விழுவார்.

காலைக்கடனுக்கும் விதி உண்டு. நீர்நிலையிலிருந்து 30 மீட்டர் தள்ளிப் போய், குழி தோண்டி, மூடிவிட வேண்டும். அதற்கென்றே கையடக்கக் கரண்டி விற்கிறார்கள். தாத்தா சொம்போடு கம்மாய்க்கரைக்குப் போனார்; நான் கரண்டியோடு போகிறேன். இதற்காகவா இத்தனை படித்தாய் என்று அம்மா கேட்பாள்.

சட்டம் யாருக்கு எழுதினாலும், அந்தப் பொட்டலை ஆள்வது மிட்ஜ் என்கிற பூச்சிதான். கொசு இதற்குப் பெரியண்ணன். பெண் பூச்சிதான் கடிக்கும். காற்று அடிக்கும்வரை ஒன்றையும் காணோம். காற்று நின்றதும் நம் மூச்சை மோப்பம் பிடித்துக்கொண்டு புகைபோல எழுந்து வரும். நான் அடுப்பைப் பற்றவைக்கவும் காற்று நிற்கவும் சரியாக இருந்தது. வறுத்துத் தாளித்து எடுத்துப்போன ரவையில் வெந்நீரை ஊற்றி மூடினேன். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தால், தாளித்ததைவிட இரண்டு மடங்கு கடுகு! சில கடுகு நீந்திக்கொண்டிருந்தது. தலையில் வலையை மாட்டியிருந்தேன்; ஒவ்வொரு வாய்க்கும் வலையைத் தூக்க, அதற்குள்ளும் பத்துப் பேர் புகுந்தார்கள். ஆராயாமல் விழுங்கிவிட்டேன். நம் வீட்டுச் சைவம் அன்றோடு முடிந்தது, நீ யாரிடமும் சொல்லாதே.

இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. கூடாரத்துக்குப் பக்கத்தில் மான் ஒன்று வந்து வெகுநேரம் மென்றுகொண்டு நின்றது. அதையும் அவை கடித்திருக்க வேண்டும், காதை ஓயாமல் உதறியது.

அம்மா கேட்டால் ஓட்டலில் தங்கினேன் என்று சொல். அத்தானின் சிநேகிதர் ஆகஸ்டில் இந்தப் பக்கம் வருகிறார் என்றாயே, அவரிடம் இரண்டு கிலோ ரவை வறுத்துக் கொடுத்துவிடு. கருவேப்பிலை தாராளமாகப் போடு. கடுகு வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி